முழுங்குனவன் வயித்துலயே குடித்தனம்

போன வருஷம் பெரியம்மாவுக்கு டிபின்னு ரிப்போர்ட் வந்தப்ப வீட்ல எல்லாரும் திரும்பி என்னைத் தான் பாத்தாங்க, ஏன்னா எங்க குடும்பத்துல "அந்தக் கிருமிய வச்சு ஆராய்ச்சி பண்ணவ" நான் ஒருத்தி தான். அம்மா பக்கத்துல வந்து மெதுவா, "ஏண்டி, உங்கிட்டருந்து தான் ஒட்டிருக்குமோ"ன்னு வேற கேட்டாங்க. நான் லேப்ப விட்டு வெளிய வந்தே ஆறு வருஷம் ஆச்சு, பெரியம்மாவ பாக்குறது தீபாவளிக்கு தீபாவளி, அதுக்கும் மேல நான் தொட்டது நிஜ டிபி கிருமியே இல்ல, பிசிஜி, அதாவது பொறந்ததும் தோள்ல குத்தி தழும்பு விழுதே அந்த ஊசிக்குள்ள இருக்குற சாது. இதெல்லாம் விளக்கி முடிக்கிறதுக்குள்ள அம்மா அடுப்ப பாக்க போயிட்டாங்க.

பெரியம்மா தெருவுல யார்கிட்டயும் டிபின்னு சொல்லல, "நெஞ்சுல சளி கட்டிருக்கு"ன்னு தான் சொன்னாங்க. சித்தி ஒரு பக்கம் புளி ஆகாது, தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாதுன்னு பெரிய பட்டியலே போட்டு குடுத்துட்டாங்க. பெரியம்மாவுக்கு டிபி வந்தத விட புளிக்குழம்பு இல்லாம போனது தான் பெரிய வருத்தம்.

அதுக்கப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவ போன்ல அவங்க கேட்ட கேள்விகளுக்கு பதில் சொல்லி சொல்லி தான், நான் ரெண்டரை வருஷம் அந்த லேப்ல என்ன பண்ணேன்னே எனக்கு ஒழுங்கா புரிஞ்சுதுன்னு நினைக்கிறேன். அதான் இந்த போஸ்ட்.

முதல்ல அவங்க கேட்டது, "நம்ம ஒடம்புல தான் கிருமிய திங்குற வெள்ளை அணு இருக்குங்குறியே, அது என்ன புடுங்கிட்டு இருந்துச்சு?" (பெரியம்மா இப்படி தான் பேசுவாங்க.) சரியான கேள்வி. பதில் என்னன்னா, அது தின்னுச்சு. அங்க தான் பிரச்சனையே ஆரம்பிக்குது.

1882ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. மார்ச் 24ம் தேதி பெர்லின்ல ராபர்ட் கோக் எந்திரிச்சு நின்னு, காசநோய்க்கு காரணம் இந்தக் கிருமி தான்னு காட்டுனாரு. அதே வருஷம் இத்தாலியில மெசினாங்குற ஊர்ல, எலி மெச்னிகாஃப்னு ஒரு ரஷ்யாக்காரர் நட்சத்திர மீனோட குஞ்சுக்குள்ள ஒரு ரோஜா முள்ள குத்தி வச்சு ராத்திரி பூரா தூங்காம காத்திருந்து பாத்தாரு. அந்தக் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள நடக்குறது அப்படியே தெரியும். காலைல பாத்தா முள்ள சுத்தி செல்லுங்க வந்து மொய்ச்சிருக்கு. வெளிய இருந்து வந்தத தேடி வந்து திங்குற செல் உடம்புல இருக்குன்னு அவர் சொன்னது அங்கருந்து தான், 1908ல நோபலும் வாங்கிட்டாரு. ஆக ஒரே வருஷத்துல ஒருத்தர் கிருமிய காட்டுனாரு, இன்னொருத்தர் அத திங்குறவன காட்டுனாரு. திங்குறவனோட வயித்துக்குள்ளயே அந்தக் கிருமி எப்படி குடித்தனம் பண்ணுதுங்குற விவரம் புரிய இன்னும் தொண்ணூறு வருஷம் கிட்ட ஆச்சு.

திங்குற அந்த செல் பேரு மேக்ரோஃபேஜ். நுரையீரல்ல காத்து வந்து போற சின்னச் சின்ன பைகள் இருக்குல்ல, அதுக்குள்ளயே இது ரோந்து சுத்திட்டு இருக்கும். யாரோ இருமுன துளியில வந்த டிபி கிருமி அங்க போய் விழுந்ததும் இது கை கால் நீட்டி (நிஜமாவே நீட்டும், மைக்ரோஸ்கோப்ல பாத்தா அசந்துருவீங்க) தன்னோட தோலாலயே சுத்தி உள்ள இழுத்துக்கும். இப்ப கிருமி ஒரு சின்ன பைக்குள்ள இருக்கு, அந்தப் பை செல்லுக்குள்ள இருக்கு. அந்தப் பைய பேகோசோம்னு சொல்லுவாங்க.

இதுவரைக்கும் பிளஸ் டூ புக்லயே இருக்கும். புக்ல அடுத்த வரி "லைசோசோம் வந்து சேர்ந்து கிருமிய செரித்து விடும்"னு முடிஞ்சிரும். அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு வேலை நடக்குதுன்னு எனக்கு லேபுக்கு போற வரைக்கும் தெரியாது. நம்மூர் டவுன் பஸ்ல தகர போர்டு மாத்துவாங்களே, அத நினைச்சுக்கோங்க. பை உள்ள வந்ததும் அதுமேல ராப்5னு ஒரு புரோட்டீன் வந்து ஒட்டும், அது முதல் போர்டு. கொஞ்ச நேரத்துல அத கழட்டிட்டு ராப்7 மாட்டணும், அது டிப்போ போற போர்டு. டிப்போ தான் லைசோசோம், செரிக்க வைக்கிற என்சைம் எல்லாம் அடைச்சு வச்சிருக்குற பை, 1955ல கிறிஸ்டியன் டி டூவ் கண்டுபிடிச்சது. போர்டு மாறுறதோட சேந்து பையோட சுவத்துல பம்பு வந்து பொருந்தி அமிலத்த உள்ள இறைக்க ஆரம்பிக்கும், பிஹெச் ஏழுக்கு பக்கத்துல இருந்தது அஞ்சு, அதுக்கும் கீழன்னு இறங்கிட்டே போகும், அப்புறம் லைசோசோம் வந்து முட்டி ரெண்டும் ஒண்ணாயிரும், கதை முடிஞ்சுது. சாதாரண கிருமிக்கெல்லாம் இது அதிகபட்சம் சில மணி நேர வேலை.

டிபி கிருமி பண்றது ஒண்ணே ஒண்ணு தான். அந்த போர்ட மாத்த விடாது. ராப்5லயே பைய நிறுத்தி வச்சிரும். அதுக்கு அது பயன்படுத்துற சாமான் ரொம்ப இல்ல. பையோட சுவத்துல பிஐ3பின்னு ஒரு கொழுப்பு மூலக்கூறு இருக்கணும், அது இருந்தா தான் அடுத்த கட்ட ஆளுங்க வந்து ஒட்டுவாங்க. கிருமி சாப்எம்னு ஒரு என்சைம விட்டு அத வெட்டிரும். பிடிபிஏன்னு இன்னொண்ணு, அது அமில பம்பு வந்து பொருந்தாம தள்ளி விட்டுரும். அதனால உள்ள பிஹெச் 6.2, 6.4லயே நிக்கும். கிருமிக்கு அது வெதுவெதுன்னு வெந்நீர் போட்ட மாதிரி. அங்க உக்காந்து செல்லோட கொழுப்ப, கொலஸ்ட்ரால தின்னுக்கிட்டு நிதானமா பெருகும், அதுவும் எவ்வளவு நிதானம்னா ஈ.கோலை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டாகும்னா இதுக்கு கிட்டத்தட்ட இருபது மணி நேரம். பிளேட்ல போட்டா காலனி கண்ணுக்கு தெரிய மூணு நாலு வாரம். என் ஃப்ரெண்டு ஒருத்தி ஈ.கோலை லேப்ல இருந்தா, திங்கக்கிழமை எக்ஸ்பெரிமென்ட் போட்டு செவ்வாய் ரிசல்ட் எடுத்து புதன் சினிமாவுக்கு போயிருவா. நான் போட்ட பிளேட்ட பாக்குறதுக்குள்ள மாசம் பொறந்துரும், அதுக்குள்ள இன்குபேட்டர்ல பிளேட்டு காஞ்சு போகாம பாத்துக்கணும்.

இந்த போர்டு மாத்தாத விஷயத்த முதல்ல கண்ணால காட்டுனது 1971ல, லண்டன்ல ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட்னு ரெண்டு பேரு. மேக்ரோஃபேஜோட லைசோசோமுக்குள்ள முன்னாடியே ஃபெரிட்டின்னு இரும்பு புரோட்டீன நிரப்பி வச்சுட்டாங்க, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல அது கறுப்பு புள்ளியா தெரியும். அப்புறம் டிபி கிருமிய குடுத்தாங்க. செத்த கிருமி இருந்த பைக்குள்ள கறுப்பு புள்ளி வந்துருச்சு. உயிரோட இருந்த கிருமி பைல பெரும்பாலும் வரல. அவ்வளவு எளிமையான யோசனை, எனக்கு இப்பவும் அந்த எக்ஸ்பெரிமென்ட் மேல ஒரு பொறாமை உண்டு. இதுல வேடிக்கை என்னன்னா அதே ரெண்டு பேரு 1975ல இன்னொண்ணு போட்டாங்க, கிருமி மேல ஆன்டிபாடி தடவி குடுத்தா அது லைசோசோமோட போய் சேந்துருது, ஆனாலும் சாகல. அதாவது டிப்போவுக்குள்ள கொண்டு போய் விட்டா கூட அது பாட்டுக்கு உக்காந்துருக்கு, கிருமிய சுத்தி இருக்குற மெழுகு சுவரு அப்படிப்பட்டது. நிறைய பேரு முதல் பேப்பர மட்டும் சொல்லிட்டு ரெண்டாவத விட்டுருவாங்க, கதை அழகா இருக்கணும்ல.

நான் பண்ணதும் கிட்டத்தட்ட அந்த 1971 எக்ஸ்பெரிமென்ட் தான், கொஞ்சம் கலர் சேத்து. நிஜ டிபி கிருமிய வளக்கணும்னா தனி காத்தோட்டம், தனி உடுப்பு, மூணாம் நிலை பாதுகாப்பு லேப் வேணும், எங்ககிட்ட அது இல்ல, அதனால பிசிஜி. இதுவும் போர்டு மாத்தாத வித்தைய பண்ணும், அதனால பாதகமில்ல. மேக்ரோஃபேஜுக்கு டிஹெச்பி-1னு ஒரு செல் லைன், அதாவது லேப்ல தொடர்ந்து வளத்துட்டே இருக்குற செல் வம்சம். ஜப்பான்ல ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயசு பையனோட ரத்தத்துல இருந்து எடுத்தது, 1980ல வெளிய வந்துச்சு. அந்தக் குழந்தையோட செல் இன்னைக்கும் உலகம் பூரா ஃப்ளாஸ்க்குகள்ல ரெண்டு ரெண்டா பிரிஞ்சுட்டே இருக்கு. ராத்திரி தனியா உக்காந்து மீடியா (செல்லுக்கு சாப்பாடு, அது வளர்ற திரவம்) மாத்துறப்ப சில நேரம் அது ஞாபகம் வந்து ஒரு மாதிரி இருக்கும்.

அந்த செல் முதல்ல மிதந்துட்டு தான் இருக்கும், பிஎம்ஏன்னு ஒரு கெமிக்கல் போட்டா தரையில ஒட்டிக்கிட்டு மேக்ரோஃபேஜ் மாதிரி ஆயிரும். கிருமிக்கு பச்சை சாயம், லைசோசோமுக்கு சிவப்பு சாயம். ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா படத்துல மஞ்சளா தெரியும். சொல்றதுக்கு சுலபம், செய்யிறப்ப பிசிஜி இருக்கே, அது மெழுகு சுவரால ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டை உருண்டையா கட்டிக்கும், ஊசி வழியா உறிஞ்சி உறிஞ்சி தள்ளி பிரிக்கணும், இல்லன்னா ஒரு செல்லுக்கு அம்பது கிருமி பக்கத்து செல்லுக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிரும். முதல் ரெண்டு மாசம் நான் உருண்டை பிரிச்சது தான் மிச்சம்.

ஒரு நாள் ராத்திரி ஒம்பது மணிக்கு மேல தான் கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப் கிடைச்சுது. ஏசி குளிரு, இருட்டு ரூம்பு. முதல்ல சுட வச்சு கொன்ன கிருமி ஸ்லைடு: செல்லுக்குள்ள மஞ்சள் மஞ்சளா, மாங்கொத்து மாதிரி. அடுத்து உயிருள்ளது: பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம், பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஒட்டல. நூறு தடவ பேப்பர்ல படிச்சது தான், புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா அத பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் மவுஸ தொடவே இல்ல. அது வரைக்கும் நான் இத சண்டைன்னு நினைச்சுட்டு இருந்தேன், டிவி விளம்பரத்துல கிருமி கத்தி எடுத்துட்டு வருமே அந்த மாதிரி. இங்க யாரும் யாரையும் அடிக்கல. செல்லோட வழக்கம் என்ன, எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை, இதெல்லாம் கிருமிக்கு தெரிஞ்சிருக்கு, அதுல ஒரே ஒரு எடத்துல கைய வச்சு நிறுத்திருக்கு. செல்லு பாட்டுக்கு மத்த வேலையெல்லாம் செஞ்சுட்டு உயிரோட தான் இருக்கு.

அன்னைலருந்து கிருமிங்க தான் எனக்கு செல் பயாலஜி வாத்தியார்னு ஆயிருச்சு. இது நான் மட்டும் சொல்றது இல்ல. லிஸ்டீரியான்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரிட்ஜுக்குள்ள கூட வளரும், அது டிபி மாதிரி பைக்குள்ள பொறுமையா இருக்காது, பைய ஓட்ட போட்டு வெளிய குதிச்சு, செல்லோட சொந்த ஆக்டின்னு சொல்ற புரோட்டீன் நூல எடுத்து தன் முதுகுக்கு பின்னாடி வால் மாதிரி கட்டிக்கிட்டு வாணவெடி மாதிரி ஓடும், ஓடி பக்கத்து செல் சுவத்த முட்டிக்கிட்டு உள்ள போயிரும். செல்லுங்க ஊர்ந்து போறப்ப ஆக்டின் நூல எது கிளப்பி விடுதுன்னு குழம்பிட்டு இருந்தவங்க, ஏஆர்பி2/3ங்குற புரோட்டீன் கூட்டம் தான் அதுன்னு 1997ல இந்த லிஸ்டீரியா வால வச்சு தான் காட்டுனாங்க. நரம்பு செல்லுங்க சேதி அனுப்புறதுல ஸ்னேர்னு சொல்ற புரோட்டீன்களுக்கு என்ன வேலைன்னு உறுதியானதுல டெட்டனஸ் விஷத்துக்கும் பொட்டுலினம் விஷத்துக்கும் பெரிய பங்கு உண்டு, ஏன்னா அந்த விஷங்க சரியா அதையே தேடிப் போய் வெட்டுது. எங்க வெட்டுனா வண்டி நிக்கும்னு அதுங்களுக்கு நமக்கு முன்னாடியே தெரியும்.

இவ்வளவு பெருமையா பேசுறேன்ல, என் அவமானத்தையும் சொல்லிடுறேன். இரண்டாவது வருஷம் டிஎன்எஃப் அளந்துட்டு இருந்தேன், அதாவது கிருமிய பாத்ததும் மேக்ரோஃபேஜ் விடுற அலாரம் புரோட்டீன். செல் வளக்குற பிளேட்டுல சின்னச் சின்ன குழி இருக்கும், கிருமி போட்ட குழியில அதிகமா வரணும், போடாத குழியில சும்மா இருக்கணும். எனக்கு ரெண்டுலயும் எகிறுது. குழிய மாத்தி போட்டுட்டேன்னு நினைச்சு திரும்ப போட்டேன். திரும்பவும் அதே. மூணாவது தடவையும் அதே வந்தப்ப சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து பாத்துட்டு, "மைக்கோபிளாஸ்மா செக் பண்ணியாம்மா?"ன்னு கேட்டாங்க. அது செல் வளக்குற ஃப்ளாஸ்க்குல திருட்டுத்தனமா புகுந்துக்குற ஒரு பாக்டீரியா. பண்ணல. பண்ணா, பாசிட்டிவ். டிஎன்ஏ சாயம் போட்டு பாத்தா கரு மட்டும் நீலமா மின்னணும், எனக்கு கருவ சுத்தி பொடி தூவுன மாதிரி புள்ளி புள்ளியா மின்னுது. மைக்கோபிளாஸ்மாவுக்கு செல் சுவரே கிடையாது, அதனால நாம மீடியாவுல ஊத்துற பென்சிலின் அதுக்கு தண்ணி. ரொம்ப பொடிசு, ஃபில்டர்லயே நழுவிரும், மீடியா கலங்கவும் கலங்காது. பெரும்பாலும் மனுஷன் வாயிலருந்து இல்லன்னா சீரத்துலருந்து வரும். ஹூடு (கிருமி படாம செல்லுல வேலை செய்யிற கண்ணாடி மேடை) முன்னாடி பேசிக்கிட்டே வேலை செய்யிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால யாரையும் குறை சொல்ல முடியல. கிருமி செல்லுக்குள்ள எப்படி ஒளியுதுன்னு ஆராய்ச்சி பண்ண உக்காந்தவளோட செல்லுலயே இன்னொரு கிருமி நாலு மாசம் ஒளிஞ்சு இருந்திருக்கு. அத்தனை ஃப்ளாஸ்க்கும் ஆட்டோகிளேவ்ல போச்சு. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல சாப்பிடல.

சரி பெரியம்மாகிட்ட வருவோம். அவங்க அடுத்து கேட்டது, "ஒரு அணு ஏமாந்துச்சு சரி, மத்ததெல்லாம் சும்மாவா இருக்கும்?" இருக்காது. கூட்டமா வந்து சுத்தி ஒரு கட்டி கட்டும், கிரானுலோமா. ரொம்ப காலமா அத கோட்டைச் சுவர்னு தான் சொன்னாங்க, கிருமிய உள்ள வச்சு பூட்டுறதுன்னு. லலிதா ராமகிருஷ்ணன் (சிதம்பரத்துல பொறந்த நோபல் வெங்கி ராமகிருஷ்ணனோட தங்கச்சி தான்) வரிக்குதிரை மீன் குஞ்சுல டிபியோட சொந்தக்கார கிருமி ஒண்ண விட்டு பாத்தாங்க. மெச்னிகாஃப் பாத்த மாதிரியே கண்ணாடி மாதிரி இருக்குற குஞ்சு. 2009ல அவங்க லேப் காட்டுனது, ஆரம்ப நாள்ல அந்தக் கட்டி கிருமிக்கு தான் லாபம். கிருமி இருக்குற மேக்ரோஃபேஜ் சாகுது, அத அள்ளி திங்க புதுசா நாலு மேக்ரோஃபேஜ் வருது, பொணத்தோட சேத்து கிருமியையும் தின்னுட்டு அதுங்களும் மாட்டிக்குது, அதுல சிலது கிளம்பி வேற எடத்துக்கு போய் அங்க புதுக் கட்டி. துஷ்டி வீட்டுக்கு வந்தவங்களையே புடிச்சு வச்சுக்குற மாதிரி. இந்த ஆள் சேக்குற வேலைக்கு கிருமிக்கு ஆர்டி1னு ஒரு டிஎன்ஏ துண்டு வேணும். பிசிஜிகிட்ட அது இல்ல. பிரான்ஸ்ல கால்மெட்டும் கெரானும் மாட்டு டிபி கிருமிய பித்தநீர் சேத்த உருளைக்கிழங்கு மேல 1908லருந்து 1921 வரைக்கும் 230 தடவ மாத்தி மாத்தி வளத்தாங்க, அதுல எங்கயோ அது தொலைஞ்சு போச்சு. என்ன தொலைஞ்சுதுன்னே அவங்களுக்கு தெரியாது, ஊசி மட்டும் வந்துருச்சு. குழந்தைங்களுக்கு மூளைக்கு போற டிபிய அது நல்லா தடுக்குது, பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபிய தடுக்கலன்னு நம்ம செங்கல்பட்டு ஜில்லாவுல ரெண்டரை லட்சம் பேருக்கு மேல வச்சு 1968ல ஆரம்பிச்ச ட்ரையல்ல தெரிஞ்சுது. பெரியம்மா தோள்ல தழும்பு இருந்தும் டிபி வந்தது அதனால தான்.

"ஆஸ்பத்திரியில சேக்க மாட்டாங்களா, வீட்லயே இருக்கலாமா"ன்னு பயந்தப்ப எனக்கு சந்தோஷமா சொல்ல ஒரு விஷயம் இருந்துச்சு. பீச் தாம்பரம் ட்ரெயின்ல சானடோரியம்னு ஸ்டேஷன் வரும்ல, ஒரு காலத்துல டிபின்னா அங்க மாதிரி எடத்துல மாசக்கணக்குல படுக்க வைக்கணும். வீட்லயே மாத்திரை சாப்பிட்டா போதும், கூட இருக்குறவங்களுக்கு அதனால கூடுதல் ஆபத்து இல்லன்னு உலகத்துக்கு காட்டுனது நம்ம மெட்ராஸ் தான், 1956ல ஆரம்பிச்ச மையத்துல, ஏழைப்பட்ட 193 பேர பாதி வீட்டுக்கு பாதி சானடோரியத்துக்குன்னு பிரிச்சு பாத்து 1959ல எழுதுனாங்க. அந்த மையம் இன்னும் சேத்துப்பட்டுல இருக்கு.

முதல் ரெண்டு மாசம் பெரியம்மாவுக்கு மூட்டு வலி பின்னி எடுத்துருச்சு. மூணாவது மாசம் போன் பண்ணி, "ஏண்டி, மாத்திரை அட்டைய மாத்திட்டாங்க, நாலுல ஒண்ண கொறச்சுட்டாங்களாம், விலை கூடுனதா?"ன்னாங்க. கொறச்சது பைராசினமைடு, மூட்டு வலி குடுத்ததும் அதான். அந்த மருந்து ஒரு விசித்திரம். 1950கள்ல அது எலிக்கு குடுத்தா வேலை செஞ்சுது, லேப்ல சாதாரண மீடியத்துல கிருமி மேல ஊத்துனா ஒண்ணும் ஆகல. அப்புறம் தான் புரிஞ்சுது, அதுக்கு அமிலம் வேணும். பெரியம்மாவோட மேக்ரோஃபேஜுங்க டி செல்லு (இன்னொரு வகை வெள்ளை அணு) குடுத்த தெம்புல திமிறிக்கிட்டு அந்தப் பைய அமிலமாக்க பாக்குதுல்ல, கட்டியில அழற்சி இருக்குற எடம் புளிச்சு போய் கிடக்குதுல்ல, அங்க தான் அந்த மாத்திரை நல்லா வேலை செய்யும். செல்லால கொல்ல முடியல, ஆனா அது போட்ட புளிப்பு வீண் போகல. முதல் ரெண்டு மாசத்துக்கு அப்புறம் அந்தப் புளிப்பு அடங்கிரும், மாத்திரைக்கும் அங்க பெருசா வேலை இல்ல.

இத நான் போன்ல, போர்டு, டிப்போ, புளிப்பு எல்லாம் சேத்து முக்கா மணி நேரம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கட் ஆயிருச்சோன்னு "பெரியம்மா, இருக்கீங்களா"ன்னேன்.

"இருக்கேன் இருக்கேன். அப்ப இத்தனை நாளு எனக்குள்ள புளிப்பு இருந்ததால தான் மாத்திரையே வேலை செஞ்சுருக்கு."

"ஆமா, ஆனா அது செல்லுக்குள்ள இருக்குற புளிப்பு, நீங்க சாப்பிடுற புளிக்கும் அதுக்கும்..."

"அதெல்லாம் இருக்கட்டும். உங்க சித்திக்கு ஒரு போன போட்டு இத அப்படியே சொல்லு. நான் போய் புளிய ஊற வைக்கிறேன்."